தெருவை மூன்றாக்கிய கோடு

என் அன்புக் கவுன்சிலரம்மாவுக்கு,

நாசரேத்தில் உன் அக்கா வீட்டு வைத்தியத்தில் உன் முட்டுவலி குறைந்ததா? இங்கே புது வார்டுப் பட்டியல் வந்துவிட்டது. உன்னை ஜெயிக்கவைத்த சங்குகுளிக்காரர் தெருவை மூன்று வார்டுகளுக்குப் பங்கு வைத்துவிட்டார்கள். நம் ஓட்டு ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் இனி எந்த வார்டிலும் ஜெயிக்கப் போதாது.

போன மாதம் டீக்கடையில் ஆளுங்கட்சி அண்ணாச்சி, "ஏலே, எந்தெந்த வீடு ஒம் பொண்டாட்டிக்குப் போட்டுச்சு?" என்று கேட்டார். பெருமை தாங்காமல் வீடு வீடாக விரல் நீட்டினேன். வார்டு எல்லைக் கோடும் என் விரல் போன வழியிலேயே போயிருக்கிறது.

மூன்று நாளாக யாரிடமும் பேச அலுப்பாக இருக்கிறது, நம்புவாயா?

நம் வீடும் பக்கத்து வார்டில். பழைய வார்டில் நீ நின்றால் உனக்கு ஓட்டுப் போட என்னாலேயே முடியாது. திட்டுவதற்காவது வந்துவிடு.

உன் ஓட்டைவாய்க் கணவன்