பழைய நம்பர், புதுப் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: மகன், மருமகள், பேத்தி, இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்த நெட்டையர், நான். நாளைக்கு யாராவது ‘நான் அங்கே இல்லையே’ என்று நழுவக் கூடாது. அதற்காக எழுதி வைக்கிறேன்.

வீட்டு போன் லைனை எடுத்துவிடப் போகிறார்களாம். இனிமேல் இன்டர்நெட் வழியாகத்தான் பேச்சு. செய்யட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. நம்பர் மட்டும் மாறக் கூடாது என்றேன்.

“அந்த நம்பருக்கு யாரும்மா கூப்பிடுறாங்க? லோன் வேணுமான்னு கேக்கிறவன்தான்” என்றான் மகன்.

“அவன் கூப்பிடட்டும். நம்பர் இருக்கணும்.”

நெட்டையர் நல்ல மாதிரி. “பழைய நம்பரையே புதுப் பெட்டிக்குக் கொண்டு வந்துடலாம் பாட்டி. ஒரு வாரம் ஆகும்” என்றார். பாட்டி என்றதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன். அவருக்கும்தான் தலை நரைத்திருக்கிறது.

நம்பர் ஏன் வேண்டும் என்று அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். என் தங்கைக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். ஒன்பது வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அவள் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து, வாசல் ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போனாள். பச்சைப் புடவை. அன்றோடு பேச்சை வெட்டினேன். நான் கூப்பிட மாட்டேன். அவள்தான் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு நம்பர் வேண்டாமா?

மார்ச் 11, புதன்

பெட்டி வந்துவிட்டது. பழைய நம்பர், பழைய போன், நடுவில் பச்சை விளக்கு எரியும் பெட்டி. பேத்தி மாடியிலிருந்து பேசிக் காட்டினாள். காதுக்குள் உட்கார்ந்து பேசுவது போல அவ்வளவு தெளிவு. பழைய லைனில் மழை பெய்தால் ஒரே கரகரப்பு. இது நன்றாகத்தான் இருக்கிறது. மகனிடம் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

எல்லோரும் கிளம்பிப் போனதும் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். அவர்கள் இல்லாத வீட்டில் இன்டர்நெட் யாருக்கு? திரும்பி வரும் நேரத்துக்குப் போட்டுவிட்டேன். இனி தினமும் இப்படித்தான்.

மார்ச் 13, வெள்ளி

கழுதை இன்று கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு போன் வரும். எடுத்து ‘யாரு’ என்றால் பதில் இருக்காது, மூச்சுச் சத்தம் மட்டும். ‘வேலை வெட்டி இல்லாத கழுதை, போனை வை’ என்று திட்டுவேன். உடனே வைத்துவிடும். ஏழெட்டு வருடமாக இதே கதை. புதுப் பெட்டிக்குப் பயந்து ஓடிவிட்டது போலிருக்கிறது. ஒழிந்தது.

மார்ச் 17, செவ்வாய்

முட்டி வலி. வேறொன்றுமில்லை.

மார்ச் 20, வெள்ளி

இன்றும் வரவில்லை. பத்து மணிக்குப் போய் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் — எதற்கு? திட்ட ஆளில்லாமல் காலை நீண்டுகொண்டே போனது.

மார்ச் 21, சனி

மருமகள் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். “அத்தை, வீட்டு நம்பருக்கு ரெண்டு வெள்ளிக்கிழமையும் யாரோ கூப்பிட்டிருக்காங்க. பெட்டி அணைஞ்சு கிடந்ததால இங்க மணி அடிக்கல. அவங்க பேசினதைக் கம்பெனியில பதிவு பண்ணி என் செல்லுக்கு அனுப்பியிருக்காங்க. பகல்ல யாரு அணைக்கிறா?”

“கரண்ட் போயிருக்கும்.”

“அந்த ஒரு சுவிட்சுக்கு மட்டுமா?”

கரண்ட் இல்லையென்றால் போனும் இல்லையாம். பழைய போன் ஒரு நாளும் கரண்ட் கேட்டதில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

முதல் பதிவில் மூச்சு மட்டும். இரண்டாவதில் குரல்.

“அக்கா… போன வாரமும் நீ எடுக்கல. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? ஒரு தடவ திட்டிடுக்கா. கேட்டுட்டு வெச்சிடுறேன்.”

கழுதை அவள்தான்.

நாலு தடவை போடச் சொன்னேன். மருமகள் எதுவும் கேட்காமல் நாலு தடவையும் போட்டாள். புத்தியுள்ள பெண்.

மார்ச் 22, ஞாயிறு

பேசிவிட்டேன். நான் கூப்பிட்டதாக ஆகாது. அவள் கூப்பிட்டதற்குப் பதில். அது வேறு.

“யாரு?” என்றாள்.

“கழுதையோட அக்கா.”

வெள்ளிக்கிழமை கேட்கிற அதே மூச்சுச் சத்தம். பிறகு சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது அவளுக்கு.

“எத்தன வருஷம் திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமாக்கா?”

“வாயைத் திறந்திருந்தா திட்டியிருக்க மாட்டேன்.”

“திறந்திருந்தா இன்னும் திட்டியிருப்பே.”

அது உண்மைதான். சுற்றி வளைக்காமல் கேட்டேன். “ஆஸ்பத்திரிக்கு ஏன்டி வரல?”

“வந்தேன்க்கா. மூணாம் நாள். நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்தே. மாமா என்னைப் பார்த்ததும் துண்டால முகத்த மூடிக்கிட்டார். இந்தக் கோலத்துல என்னைப் பார்க்காதே, இனிமே வராதே, வந்ததை அக்காகிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டார்.”

“அவர் போனதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே.”

“நீ எங்க கேட்டே? என்னைப் பார்த்ததும் உள்ள போய்க் கதவையில்ல சாத்திக்கிட்டே.”

சாத்தினேன். ஞாபகம் இருக்கிறது. தாழ்ப்பாளும் போட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

தங்கை வந்துவிட்டாள். பத்து நாள் இருப்பாள். கட்டிலில் சுவர்ப் பக்கம்தான் வேண்டுமாம். சின்ன வயதிலும் இதே அடம். கொடுத்துவிட்டேன். இப்போது தூங்குகிறாள், வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

மனசு லேசாக இருக்கிறது. லைனை எடுத்ததற்கு மகனை மன்னித்தாயிற்று. நெட்டையரையும்தான். தங்கையிடம் மன்னிக்க ஒன்றுமே இல்லையென்று ஆகிவிட்டது. அதுதான் கொஞ்சம் சங்கடம்.

ஆனால் அந்த மூன்றாம் நாளுக்குப் பிறகு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து தினமும் வைதேன். ‘கூடப் பிறந்தவ எட்டிப் பார்த்தாளா, கல்நெஞ்சக்காரி.’ அவர் கண்ணை மூடிக்கொண்டு ‘ம்’ கொட்டினார். ‘அவ வந்தாடி’ என்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம். பத்தொன்பது நாளும் ‘ம்’.

அவரை மன்னிக்க மாட்டேன். என் வீட்டுக்காரரை.