வியாழக்கிழமை நாற்காலி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் தினப்படி வேண்டுதல். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். உன் தம்பி வியாழக்கிழமைதோறும் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று உன் சித்தி உன்னிடம் போனில் அழுதாளாமே. அவளுக்கு அழுவதற்குக் காரணம் வேண்டியதில்லை, ஆனால் சொன்னது தவறு. என்னை யாரும் தள்ளவில்லை. நானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் போட்டு உட்காருகிறேன். கதவும் சாத்தப்படுவதில்லை. சாத்த முடிந்தால் நான் ஏன் கீழே போகிறேன்?

குளிர்பதனக் கிடங்கில் வெளித்தாழ்ப்பாள் விழுந்து இவனும் கூட வேலை செய்த மெக்கானிக்கும் உள்ளே மாட்டிக்கொண்டதும், திறந்தபோது இவன் மட்டும் உயிரோடு வந்ததும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து மூடிய கதவு அவனுக்கு ஆகாது. குளிப்பதுகூடக் கதவைத் திறந்து வைத்துத்தான், நான் அந்த நேரம் பால்கனியில் துணி மடிக்கிறேன். சத்தமில்லாமல் கதவைச் சாத்துவதுதான் நல்ல வளர்ப்புக்கு அடையாளம் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொன்னதைச் சொல்லிச் சொல்லி உங்கள் இருவரையும் திட்டியவள், இப்போது காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க இஸ்திரிப் பெட்டியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன், அங்கே டாக்டர் அறைக் கதவு தானாக மூடிக்கொள்கிற கதவு, வாசலோடு திரும்பிவிட்டான். அதன் பிறகுதான் வேறு ஊரிலிருக்கும் ஒரு டாக்டரம்மாவை வியாழக்கிழமைதோறும் லேப்டாப்பில் வீடியோவில் பார்க்க ஏற்பாடாயிற்று. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனநோய் இது, குணமாகும், மாத்திரையும் வேண்டும் பேச்சும் வேண்டும் என்றாராம். முதல் நாளே அவர், "யாருக்கும் கேக்காதபடி கதவைச் சாத்திட்டு உக்காருங்க" என்றதும் இவன் லேப்டாப்பை மூடிவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தான். கதவு சாத்தவும் கூடாது, பேச்சு என் காதில் விழவும் கூடாது என்றால் நான் போக வேண்டியதுதானே. படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன், குரல் இறங்கி வந்தது, அதனால்தான் கீழ்த்தளம் வரை போனேன். காற்று வாங்க வந்தேன் என்று சொன்னால், வண்டிப் புகையில் என்ன காற்று என்று கேட்ட கீழ்வீட்டுத் தையல்கடைக்காரி, "மருமக வர்றதுக்கு முன்னாடியே இந்த கதியா அம்மா?" என்று சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தேன். அவனும் மெல்ல மெல்லத் தேறி வந்தான், இரண்டு வேளையும் சாப்பிட்டான், ஒரு நாள் என் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தான்.

போன மாதம் எதிர் வீட்டு ரிட்டயர்டு மேனேஜர் நியாயம் கேட்கக் கிளம்பிவிட்டார். நான் கீழே இருப்பதைப் பார்த்து, உள்ளே ஒரு பெண் குரலும் கேட்க, நேரே நுழைந்து, "பெத்தவளை வெளியே உக்கார வெச்சுட்டு உனக்கு இங்க கம்ப்யூட்டர்ல கொஞ்சலா?" என்று ஆரம்பித்திருக்கிறார். அத்தோடு விட்டாலும் பரவாயில்லை. மரியாதை தெரிந்தவர் அல்லவா, குடும்ப விஷயம் தெருவுக்குக் கேட்க வேண்டாம் என்று இஸ்திரிப் பெட்டியைக் காலால் ஒதுக்கிக் கதவைச் சாத்திவிட்டார். அந்த அலறல் எனக்குக் கீழே கேட்டது. நான் ஏறி வந்து கதவைத் திறப்பதற்குள் அவன் கதவில் கையைக் கிழித்துக்கொண்டிருந்தான், மேனேஜர் சுவரோடு ஒட்டி நின்றார். லேப்டாப்பில் டாக்டரம்மா அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அன்றுதான் அவர் முகத்தை முதலில் பார்த்தேன். "அம்மாவா? இப்ப கதவு திறந்திருக்கா?" என்றுதான் கேட்டார். திறந்திருக்கிறது டாக்டர் என்றேன். அதற்கு மேல் எனக்கு என்ன சொல்லத் தெரியும்?

அதிலிருந்து அவன் டாக்டரம்மா முன்னால் உட்காரவில்லை. மாத்திரை மட்டும் போட்டுக்கொள்கிறான். மேனேஜர் மன்னிப்புக் கேட்டு வந்து, பையனுக்கு என்ன வியாதி என்றும் கேட்டார். ஊருக்கு உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று உன் தம்பியிடம் கேட்டேன். "என்னைக் கெட்டவன்னே நினைச்சுக்கட்டும்மா. பைத்தியம்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றான். அது பைத்தியம் இல்லையடா என்று எவ்வளவோ சொன்னேன். திறந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆகவே சித்தியிடமும் நீ எதையும் திருத்தாதே, அழுதால் அழட்டும். டாக்டரம்மாவைக் கேட்டால் அவன் பேசியதைச் சொல்ல மாட்டேன் என்கிறார், அது சரியான முறைதான். அவனை வற்புறுத்தவும் கூடாதாம். வியாழக்கிழமை அந்த நேரத்தை அடுத்த மாதக் கடைசி வரை அவனுக்காக வைத்திருப்பாராம். நான் இன்னும் வியாழன் வந்தால் நாற்காலியோடு இறங்கிவிடுகிறேன். போன வாரம் மேலே ஏறி வந்தபோது லேப்டாப் மூடியே இருந்தது, "ஏம்மா போனீங்க?" என்று கேட்டான். காற்றுக்கு என்றேன். நான் போவதே அவனை வற்புறுத்துவது ஆகுமோ, போகாமல் இருந்தால் நானும் கைவிட்டேன் என்று நினைப்பானோ, எனக்குப் புரியவில்லை. வயது இத்தனை ஆகியும் நாற்காலியை எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்கிறேன்.

குழந்தையைக் குளிரில் காது மூடாமல் அனுப்பாதே. கடவுள் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். போனில் பேச வேண்டாம், இந்த வீட்டில் எந்தப் பேச்சும் அவனுக்குக் கேட்கும். வியாழக்கிழமை நான் கீழே போகட்டுமா வேண்டாமா, அதை மட்டும் உன் கைப்பட எழுதி அனுப்பு.

உன் அம்மா