இடப்பக்கத்தில் ஒரு முழங்கை

மார்ச் 4, செவ்வாய். காலை 6.20. 184/112.

நான்கு மாத்திரைக்குப் பிறகும் அக்காவின் ரத்த அழுத்தம் இது. சிறுநீரகத்தில் கோளாறு இல்லை, சுரப்பிகளில் இல்லை. உப்பைக் குறைத்தாகிவிட்டது. "மாத்திரையை ஒழுங்கா போடறதில்ல போல" என்று பொது மருத்துவர் நேற்று சொன்னார். அக்கா அங்கே கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் பாய்ந்தாள்: "நான் பொய்யா சொல்றேன்? நீ தினம் பாக்கறேல்ல?"

பார்க்கிறேன். நான்கையும் முழுங்குகிறாள்.

ஏப்ரல் 11 அக்காவுக்கும் மற்ற பேருந்து ஓட்டுநர்களுக்கும் உடல் தகுதிச் சோதனை. மேல் எண் 160ஐத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். அலுவலகத்தில் நாற்காலி போடுவார்கள். இவளுக்கு, நாற்காலி.

மார்ச் 6, வியாழன்.

கண்டுபிடித்துவிட்டேன்.

தலைவலிக்காகப் போன மாதம் அக்காவின் தலையை, நான் வேலை பார்க்கும் ஸ்கேன் அறையில் நான்தான் படமெடுத்தேன். அறிக்கை 'கோளாறு இல்லை' என்றது. இன்று மெல்லிய வெட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டினேன். கழுத்திலிருந்து ஏறும் ரத்தக்குழாய், மூளைத்தண்டின் இடப்பக்கத்தில் முழங்கை மாதிரி மடங்கி அதை அமுக்குகிறது. பள்ளமே விழுந்திருக்கிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும் நரம்புகள் இருப்பது அங்கேதான். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த நரம்புகளுக்கு ஒரு இடி. மாத்திரை கீழே இழுக்க, இது மேலே தள்ள — பின்னே எப்படி இறங்கும்?

குழாயை விலக்கி நடுவே சின்னப் பஞ்சு வைத்ததும் சிலருக்கு அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று கட்டுரைகள் சொல்கின்றன. சிலருக்கு. போதும் எனக்கு.

மார்ச் 7

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்தப் புழுவா என்னை ஆட்டி வைக்குது?"

"ஆமா."

"அப்ப எனக்குத் திமிரு இல்லன்னு அம்மாகிட்ட சொல்லிடு." பிறகு, "மண்டையை வெட்டணுமா?"

"காதுக்குப் பின்னால. சின்னதா."

"உன் மண்டைன்னா சின்னதாம்பியா?" காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தபடி, "வண்டி ஓட்ட விடுவாங்கன்னா வெட்டிக்கலாம்."

மார்ச் 11, செவ்வாய்.

மூளை அறுவை டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். "நல்லா பாத்திருக்கே. குழாய் தொடுது. அதனாலதான் பி.பி. ஏறுதுன்னு எப்படிச் சொல்றே?"

"பாத்தாலே தெரியுதே மேடம்."

"பி.பி. இல்லாத தலை ஒண்ணு காட்டு."

கையிலேயே இருந்தது. புது ஸ்கேன் முறை வந்தால் முதலில் எங்கள் அறை ஆட்களில் ஒருவரைத்தான் உள்ளே படுக்க வைத்துச் சோதிப்போம். ஜனவரியில் படுத்தது நான். என் தலையைத் திறந்து காட்டினேன்.

அதே முழங்கை. அதே பக்கம். பள்ளம் இன்னும் ஆழம்.

"உனக்கு எவ்வளவு?"

"நார்மல்தான்."

"கடைசியா எப்ப அளந்தே?"

அளந்ததே இல்லை. நாள் முழுக்க ஊரார் மண்டைக்குள் பார்க்கிறவன், சொந்தக் கையில் ஒருமுறை பட்டை கட்டிப் பார்க்கவில்லை. அவரே கட்டினார். 156/100. மறு கையிலும் கிட்டத்தட்ட அதே.

இதற்கு எவனாவது சந்தோஷப்படுவானா? நான் பட்டேன். "ரெண்டுக்கு ரெண்டு, மேடம்."

"ரெண்டு பேருக்கும் அம்மா ஒருத்தங்கதானே?"

சே. அது தோணவே இல்லையே எனக்கு.

பரம்பரையாக இருக்கலாம். அழுத்தத்தாலேயே குழாய் வளைந்திருக்கலாம். இதை மட்டும் நம்பி மண்டையைத் திறக்க மாட்டாராம். அக்காவுக்கு ஐந்தாவதாக வேறு வகை மாத்திரை கொடுத்துப் பார்க்கச் சொல்லிப் பொது மருத்துவருக்கு எழுதினார். என்னையும் ஒரு வாரம் காலை மாலை அளந்துவிட்டு அந்தப் பொது மருத்துவரிடமே போகச் சொன்னார்.

மார்ச் 12

அறுவை இல்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

"டிப்போ பூரா சொல்லிட்டேன்டா, என் தலையில புழுன்னு."

வசமாக மாட்டிக்கொண்டேன் என்று நின்றேன். என் 156ஐக் கேட்டதும்தான் சிரித்தாள். "படம் புடிக்கிறவனே. உனக்கே இருக்கா? உனக்கு வேணும்."

ஆனால் சாப்பிடும்போது காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரல் 11 அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 22

என்னைப் போல் புது ஸ்கேன் முறைகளுக்காக உள்ளே படுத்த மற்ற ஒன்பது பேரிடமும் கேட்டுவிட்டு, படத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தேன். இடப்பக்கம் தொடுவது மூன்று பேருக்கு. அதில் அழுத்தம் ஒருவருக்குத்தான்.

அப்போ என் யோசனை அவ்வளவுதானா? இல்லை. சும்மா தொடுவதும் இடிப்பதும் ஒன்றா? எந்த இடம், எவ்வளவு ஆழம், முதலில் வந்தது எது — குழாயா, அழுத்தமா? கை பரபரக்கிறது.

ஏப்ரல் 2

ஐந்தாவது மாத்திரையில் அக்கா 152/94. வெளியே சொல்லக் கூடாதாம். கண் படும் என்கிறாள் அம்மா.

ஏப்ரல் 11, வெள்ளி.

142/88. சீல் குத்திக் கொடுத்துவிட்டார்கள். அக்கா போனில் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இறக்கியது மாத்திரை. குழாய் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அவளுக்கும் எனக்கும். அது பங்காளியா, வெறும் பார்வையாளனா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா ஒழுங்காகத் தேடிப் பார்க்கலாம் என்றார்.

1. பொது மருத்துவர் எனக்கும் எழுதிக் கொடுத்த அரை மாத்திரை, காலையில். அக்கா கேட்கும் முன்பு.
2. நூறு தலைகள், பாதி அழுத்தம் இல்லாதவை. ஆய்வுக்கு அனுமதி கேட்கும் கடிதத்தைத் திங்களுக்குள் முடிக்க வேண்டும்.
3. எந்தப் படம் யாருடையது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. எனக்கும்.
4. அம்மாவுக்கும் ஒரு ஸ்கேன். சம்மதிக்க வைப்பது அக்கா பொறுப்பு.
5. திங்கள் காலை அக்கா வண்டியில் வேலைக்குப் போக வேண்டும். டிக்கெட் எடுத்து.