ஓலையில் தானா வந்த பேரு

அன்பு மகள் ஷாரோனுக்கு அம்மா எழுதுறது. கர்த்தர் கிருபையில இங்க நானும் அப்பாவும் சுகமா இருக்கோம். நீ மஸ்கட்ல நல்லா இருக்கேன்னு போன்ல சொல்றதை நான் முழுசா நம்பல, அதான் பேனாவை எடுத்தேன். போன்ல நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு போடுது, காகிதத்துல எவனும் நடுவுல மூக்கை நுழைக்க மாட்டான். திருப்போரூர்ல நல்ல மழை. அப்பாவுக்கு முட்டி வலி பரவால்ல. செங்கல்பட்டுலருந்து மாப்பிள்ளை ஸ்டான்லியோட அம்மா வந்து கல்யாண மண்டபம் பாத்தாச்சுன்னு சொல்லிட்டுப் போனாங்க, அப்பா அந்த சந்தோஷத்துலயே சுத்திகினு கீறாரு.

சபை அறிவிப்பெல்லாம் நான்தான் உன் காலேஜ் லேப்டாப்ல அடிக்கிறேன். பேஜாரு புடிச்ச மெஷின் அது. பாட்டு நம்பரு ஒண்ணுன்னு போட்டு அடுத்த வரிக்குப் போனா கேக்காமலே ரெண்டுன்னு போட்டுக்கும், அழிச்சா திரும்ப வரும். தொலையட்டும்னு விட்டுட்டேன். போன வாரம் சபையில வாசிக்கிற உன் கல்யாண ஓலையை அடிக்க உக்காந்தேன். ஷாரோனுக்கும்னு அடிச்சேன், ஸ்டான்லின்னு அடிக்கறதுக்குள்ள அதுவா பிரவின்குமார்னு போட்டுச்சு. அழிச்சேன், மறுபடி அதே பேரு. எவனோ வைரஸ் விட்டுட்டான்னு நெனச்சேன். ஒருநாள் இதைத் தொட்ட உபதேசியார் மேலகூட சந்தேகப்பட்டேன். கடைசியில ஜெராக்ஸ் கடை வரதன்கிட்ட எடுத்துகினு போய், பேரைச் சொல்லாம கேட்டேன். அதுக்கு சொந்தப் புத்தி கிடையாதுக்கா, எதுக்குப் பின்னாடி எதை அடிக்கடி அடிச்சாங்களோ அதைத்தான் எடுத்துக் குடுக்கும்னான். நான் அந்தப் பேரை அடிச்சதே இல்ல. அப்பாவுக்கு அதைத் தொறக்கவே தெரியாது. அப்போ யாரு அடிச்சது?

யாருடி அவன்? ப்ரிண்டர் மாட்டிக் குடுக்க வந்து, என் முகத்தைப் பாக்காமலே டீ குடிச்சிட்டுப் போனானே முட்டுக்காட்டுப் பையன், அவனா? அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஸ்டான்லியைப் பத்திக் கேட்டப்போ உங்க இஷ்டம்மான்னு சொன்னியே, நீ எப்போ எங்க இஷ்டத்துக்கு நடந்தே? கோவமா வருது, பயமாவும் கீது. ஓலையை பாஸ்டரய்யாகிட்ட இன்னும் குடுக்கல, மெஷின் ரிப்பேருன்னு பொய் சொல்லிட்டேன். அப்பாகிட்டயும் அதேதான் சொன்னேன்.

வேளைக்கு சாப்பிடு, நைட் டூட்டி முடிஞ்சு தலைக்குக் குளிச்சா ஈரத்தோட படுக்காதே. அப்பா வேலைக்குப் போனப்புறம் என் போனுக்குக் கூப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். ஓலையை மூணு ஞாயிறு வாசிச்சு, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை இருந்தா சொல்லுங்கன்னு சபையில கேப்பாங்க. ஊரையெல்லாம் கேக்கப் போறோம், உன்னை ஒழுங்கா ஒருத்தரும் கேக்கல. நான் கேக்கறேன், உனக்குத் தடை இருக்கா?

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்துகினு இருக்கிற அம்மா,
ரெபேக்காள்