முதுகுக்குப் பின்னால் இருந்த கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான், உன் அப்பா, அவருடைய இருமல், மூவரும் இங்கே சௌக்கியம். நீயும் உன் பழைய காகிதங்களும் பூச்சி அரிக்காமல் நலமாக இருக்க வேண்டும்.

உன் தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், நடையில் ஒரே மிடுக்கு, வேலை என்னவோ அதே கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொட்டாவி விடுவதுதான். பக்கத்து வீட்டு அக்கா நீ என்ன படிக்கிறாய் என்று மறுபடியும் கேட்டாள். பொது வரலாறு, பழைய சாமானுக்கெல்லாம் நம்பர் போட்டுப் பெட்டியில் வைத்து, கதை எழுதி ஒட்டி, சனங்களுக்குக் காட்டுகிற படிப்பு என்றேன். அதற்கு அவள், என் மாமியார் படிக்காமலே அந்தப் பட்டம் வாங்கியிருப்பாங்களே என்கிறாள். போட்டோவைத் தொடக்கூடக் கையுறை போடுகிறாயாம், இங்கே இருந்தவரை நீ சாப்பிட்ட தட்டை நீ தொட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பீரோவிலிருந்து நீ எடுத்துப்போன, நான் முன்பு வேலை பார்த்த தகர டப்பா கம்பெனி போட்டோவைக் கண்காட்சி அழைப்பிதழில் அச்சடித்து, பழைய தொழிலாளிகள் எல்லாருக்கும் தபாலில் அனுப்பினீர்கள் அல்லவா, அதில் ஒன்று போட்டோவில் என் பக்கத்தில் நிற்கிறவளுக்கும் போயிருக்கிறது. மூடி வெட்டுகிற மெஷினில் வேலை பார்த்தவள், மூடிக்காரி என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷமாக என்னோடு பேசாதவள் போன செவ்வாய்க்கிழமை வாசலில் வந்து நிற்கிறாள். மேஜைமேல் அழைப்பிதழை வைத்து, போட்டோவுக்குக் கீழே நீ எழுதியதைச் சத்தமாக வாசித்தாள். ஒருவரையொருவர் அணைத்தபடி சிரிக்கும் தோழிகள், உழைப்பில் மலர்ந்த அன்பு. உன் பொண்ணு நல்லா எழுதுறா, விழுந்து விழுந்து சிரிச்சேன் என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. அப்பா கொடுத்த தண்ணீரை இடது கையால் வாங்கினாள். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன.

அவள் என்னை அணைக்கவில்லையடி. போட்டோவுக்கு மூன்று வாரம் முன்னால்தான் மெஷின் அந்த விரல்களை எடுத்தது. வேலை வேகமாக ஓட வேண்டும் என்று கை உள்ளே போகாமல் காக்கிற தடுப்புத் தகட்டை மேனேஜர் கழற்ற வைத்திருந்தார். விபத்தே நடக்காத கம்பெனி என்று பரிசு வாங்க எடுத்த போட்டோ அது. வந்து நின்றால் வேலை உண்டு என்று சொல்லி அவளை வரவழைத்தார்கள், கட்டுப் போட்ட கையை என் முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள், நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து மறைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்றால் அந்தச் சோறு நான்தான்.

நாற்பது பேர் வாயில் ரெக்கார்டரை நீட்டினாயே, பெற்றவளை ஒரு வார்த்தை கேட்டாயா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாய். ஆனால் உன்னை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, சின்ன வயதில் நீ கேட்டபோது அது சந்தோஷமான நாள் என்று சொன்னவள் நான். இன்னும் ஒன்று இருக்கிறது. தகடு மாட்டித்தான் இருந்தது, அவள்தான் கவனமில்லாமல் கையை விட்டாள் என்று கம்பெனி எழுதிய காகிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். போட்டோ எடுத்த மறுவாரம் அதைக் காட்டித்தான் அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். நீ கைக்குழந்தை, என் வேலையும் போய்விடும் என்று பயந்தேன், அதற்குமேல் அழகான காரணம் தேடி எழுதி ஒட்டாதே. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இங்க சொல்லி என்ன, உன் பொண்ணுகிட்ட சொல்லு, அங்கதான எழுதுறாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

கண்காட்சி திறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் அந்த வாசகத்தை மாற்றிவிடு. உன் பேராசிரியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவள் கையைப் பற்றி எழுது, மறைத்தது நான் என்பதையும் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, தூசியில் முகமூடி போடு, நன்றாக இரு, உனக்கு ஒரு குறையும் வராது.

மறந்துவிடப் போகிறேன், போட்டோவுக்காக நீ அனுப்பிய படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே உள்ள விவரங்கள் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்டிருந்தாய். போடவில்லை. பொய்க்குக் கீழே ஒரு தரம் போட்டாயிற்று, அது போதும். இந்தக் கடிதத்துக்குக் கீழே போடுகிறேன், இதைப் பெட்டியில் வை.

இப்படிக்கு,
உன் அம்மா