கர்னலுக்குள் ஒரு தராசு

ஜூன் 12, வியாழன்
இன்றைக்கும் ஒரு மூட்டைக்கு எடை தப்பு. பில்லில் 52 கிலோ கத்தரிக்காய். மறுபடி தூக்கி வைத்தால் 47. தராசின் எண் பலகை செத்து ஒரு வருஷம். யூஎஸ்பி வயர் வழியாக, நான் பில் போடும் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு வருவதுதான் எடை. கமிஷன் கடை முதலாளி ஆறுமுகநயினார் அண்ணாச்சி கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூட்டை வைத்த லோடுமேன் இசக்கிமணி அண்ணனைத்தான் பார்த்தார்.

"முட்டியக் குடுத்து அமுக்குதியாலே? அந்த வெவசாயியும் நீயும் கூட்டா?"

நாளையிலிருந்து வரவேண்டாமாம். பதினோரு வருஷம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர், துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் அமுக்கலை. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். வயரோட டிரைவர்தான் பழைய எடையை அனுப்புது. நிரூபிச்சே தீருவேன்.

ஜூன் 13
என் தோழி ஷெர்லின் போனில் கேட்டாள், டிரைவர்னா என்னட்டி என்று. வயரோட பேசுற நிரல், லினக்ஸோட அடிமையம் கர்னல், அதுக்குள்ள உக்காந்திருக்கும்னேன். "யூடியூப் பாத்துப் படிச்சிட்டு அதுல கை வைக்கப் போறியாக்கும்?" ஆமா. வைக்கப் போறேன்.

ஜூன் 15, ஞாயிறு
டிரைவருக்குள் செய்தி வரிகள் போட்டுப் பார்த்தேன். வாக்கியம் வாக்கியமாகக் கொட்டுகிறது. வைஃபை, கீபோர்டு எல்லாம் அதிலேயே புலம்புகின்றன. எதைத் தேட?

அதனால் டிரேஸ் ஈவென்ட், அதாவது கர்னலுக்குள் நடப்பதைக் கட்டம் கட்டமாகக் குறித்துவைக்கும் பதிவு. எந்தக் கருவி, எந்த நொடி, என்னென்ன பைட் – ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். தராசு மட்டும் என்று கேட்டால் தராசு மட்டும் வரும். இந்த டிரைவரில் இதை ஏன் யாருமே வைக்கவில்லை?

வீட்டில் எல்லாரும் ஐந்தருவிக்குப் போனார்கள். நான் போகவில்லை.

ஜூன் 18
டிரேஸ் ஈவென்ட்டை எழுதி, கர்னலை எழுதுகிறவர்களின் மெயிலிங் லிஸ்ட்டுக்கு அனுப்பிட்டேன். நான்!

ஜூன் 20
டிரைவரைக் கவனிக்கிற மெயின்டெய்னரிடமிருந்து மூன்று வரி. கருவியின் பெயரை நகலெடுக்காமல், பெயர் இருக்கும் நினைவக முகவரியை மட்டும் குறித்திருக்கிறாய். வயரைப் பிடுங்கிவிட்டுப் படித்துப் பார்.

பிடுங்கினேன். பெயர் இருந்த இடத்தில் குப்பை.

பத்து நிமிஷம் வெட்கம். பிறகு திருத்த உட்கார்ந்தேன்.

ஜூன் 24
மாட்டிக்கிச்சு. அச்சன்புதூர் தக்காளி, உண்மையில் 31 கிலோ, பில்லில் 38. கடை அடங்கியதும் டிரேஸை எடுத்துப் படித்தேன்.

பில் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே டிரைவர் 31ஐக் கொடுத்திருக்கிறது.

நாலு தடவை படித்தேன்.

தராசு நிற்காமல் எடை அனுப்புகிறது. வந்ததெல்லாம் வரிசையில் நிற்கிறது. என் பில் நிரல் கடைசியாக வந்ததை எடுக்காமல், வரிசையில் முதலில் நிற்பதை எடுக்கிறது. மூட்டை வேகமாக மாறினால் முந்தின மூட்டையின் எடை விழும்.

அந்த நிரலை எழுதினது யாரு? நான்தான்லா. டிரைவர் இல்ல. அண்ணனும் இல்ல.

ஜூன் 25
நிரலை இன்னும் திருத்தவில்லை. அண்ணாச்சியையே இரண்டு மூட்டைகளைச் சட்டென்று மாற்றி வைக்கச் சொல்லி, தப்பு எடையை வரவைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார்.

"அப்ப ஒன்னையத்தான் நிப்பாட்டிருக்கணும்."

"ஆமா அண்ணாச்சி."

"அவன்ட்ட யாரு சொல்லுதது?"

நாம ரெண்டு பேரும்தான் என்றேன். அப்புறம் நிரலைத் திருத்தினேன்.

ஜூன் 26
இசக்கிமணி அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணாச்சி வாசலில் நின்றபடியே வேலைக்கு வரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். இசக்கிமணி அண்ணன் என்னைத்தான் பார்த்தார். "ரெண்டு வாரமா மார்க்கெட்டுல எல்லாவனும் என் முட்டியத்தான் பாக்கான்."

ஜூலை 3
நான் திருத்தி அனுப்பிய டிரேஸ் ஈவென்ட்டை மெயின்டெய்னர் சேர்த்துக்கொண்டார். கர்னலில் என் பெயர். ஷெர்லினுக்கு மட்டும் சொன்னேன்.

ஜூலை 7, திங்கள்
அண்ணன் வந்துவிட்டார். ஒவ்வொரு மூட்டையையும் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய், எல்லாரும் பார்க்கிற மாதிரி கைகட்டி நின்றார். எட்டாவது மூட்டைக்கு என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து, திரையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். இப்போது எனக்கு எண் தெரியாது.

அண்ணன் கட்டிய கையைப் பிரித்து, திரையைப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நாப்பத்திநாலு."

பில்லில் அதையே அடித்தேன்.