லீவர் ஓட்டையருகே நீ எழுதிய வரி

அன்புள்ள செல்வம்,

நீ போய் மூன்று மாதமாகிறது. மியூனிக்கில் பனி உருகிவிட்டது. இந்தத் தொழிற்சாலையில் தமிழ் பேச உன்னை விட்டால் எனக்கு யார் இருந்தார்கள்? இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டில் வாயைத் திறப்பது மெல்லுவதற்கு மட்டும்தான்.

நம் துப்பாக்கி வந்துவிட்டதடா. ஞாயிற்றுக்கிழமை தொப்பி மாட்டிக்கொண்டு கௌபாய் ஆகிற ஜெர்மன்காரர்களுக்காக குண்டு ஏற்றக் கைப்பிடி லீவரை இழுத்துத் தள்ளும் அந்தப் பழைய அமெரிக்கத் துப்பாக்கியை மறுபடி செய்யப்போகிறோம் என்றதும் எப்படிச் சிரித்தாய். அவர்கள் கிளப்பிலிருந்து இரவல் வாங்கிய ஒரே ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் போட்டோம். நீ அளந்தாய், நான் வரைந்தேன்.

லீவர் ஆணியின் ஓட்டைக்கு வந்ததும் நிமிர்ந்தாய். "டேய், இது ஒரிஜினல் சைஸ் இல்லடா, தேஞ்சுபோன சைஸ். இன்னொரு பீஸ் வாங்கி செக் பண்ணலாம்."

"டைம் இல்லப்பா, விடு" என்று அப்படியே வரைந்து கொடுத்தேன். அடுத்த வாரம் நிமோனியாவில் படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை.

புதுத் துப்பாக்கிகள் எல்லாவற்றிலும் லீவர் கடகடவென்று ஆடுகிறது. பிறக்கும்போதே கிழம். ஃபோர்மன் உன் அளவு நோட்டைப் பிரித்து அந்த எண்ணில் விரல் வைத்தார். "உங்கள் நண்பர் தவறாக அளந்துவிட்டார்" என்றார். பக்கத்தில் நீ தமிழில் எழுதியிருந்ததைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

'தேய்ந்த ஓட்டை. வேறு துப்பாக்கியில் பார்க்காமல் வரையக் கூடாது.'

"ஒன்றுமில்லை" என்றேன்.

வேலை போனால் விசாவும் போகுமே என்று பயம். செத்தவனுக்கு என்ன நஷ்டம் என்றும் நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது. இன்று புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் உன் மேசையைக் காட்டி, "அந்த இந்தியர் செய்த தவறு" என்றார்கள். எனக்கு ஆறுதலாக முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

இதை பான் நகரத்துத் தமிழ் நண்பர்களின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். தமிழில் ஒப்புக்கொள்வது சுலபம், ஃபோர்மன் படிக்கமாட்டார். நீ இருந்தால், "சொல்ல வேண்டியவன் அங்க இருக்கான், இங்க யாருக்குடா எழுதறே?" என்று கேட்டிருப்பாய், இல்லையா?

நாளைக் காலை வேலை தொடங்குமுன் ஃபோர்மன் முன்னால் உன் நோட்டை விரிப்பேன். அந்த வரியை முதலில் தமிழில் வாசிப்பேன்; உன் மேசைப் பக்கம் தமிழ் கேட்டு நாளாகிறது. பிறகு ஜெர்மனில் சொல்வேன்: செல்வம் சரியாகத்தான் அளந்தான். அவன் பேச்சைக் கேட்காமல் வரைந்தவன் நான்.

உன் மச்சான்,
கதிரேசன்